சந்தனம் வைத்த போர்க்கப்பல்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு போர்க்கப்பல் நின்றது. பொங்கல் கழிந்து வந்தது, நவராத்திரி வரைக்கும் நகரவில்லை. அத்தனை காலமும் நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். என் முட்டிக்கு அது ஆகாது. ஆனாலும் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னேன் என்று என் மருமகள் யாரிடமாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கப்பல் இரும்பில் செய்ததல்ல. கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வெளிநாட்டில் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டரில் ஆடுகிற ஆட்டங்களைத் தயார் செய்கிறது. அந்த ஆட்டத்தில் வருகிற வண்டி, வாகனம், கோட்டை எதுவானாலும் முதலில் யாராவது ஒருவர் யோசித்து வரைந்து கொடுக்க வேண்டுமாம். அந்த ஒருவர் என் மருமகள். ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, காலில் மெட்டி, தலையில் பூவோடு, ஆகாயத்தில் சண்டை போடுகிற கப்பலை வரைந்துகொண்டிருந்தாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், தினசரிக் காலண்டர் படிப்பேன், அதில் ராகு காலம் எமகண்டம் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதையும் நானேதான் எழுதுகிறேன். மருமகள் பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். பிழையைத் திருத்து, என்னைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்தக் கப்பல் ஏன் எங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். மருமகள் கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் பெரிய ஆபீஸில் இருந்தவள். என் மகனுக்கு அரியமங்கலத்தில் லேத்துப் பட்டறை, அவன் அப்பா வைத்தது. அதை விட்டு அவன் எங்கே போவான்? அதனால் இவள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து, கிடைத்த படங்களை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் வெளிநாட்டுக் கம்பெனி மூன்று பேரிடம் ஆளுக்கொரு கப்பல் கேட்டது. யாருடைய கப்பலை ஆட்டத்தில் சேர்க்கிறார்களோ அவருக்கு நிரந்தர வேலை. இருக்கிற ஊரிலேயே, இருக்கிற வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். கிடைக்காவிட்டால் பெங்களூர் ஆபீஸ்தான். அவர்கள் திரும்ப வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அவ அங்க, நான் இங்கன்னு எத்தனை நாள் ஓட்டுறதும்மா? பட்டறையை யாருக்காவது விட்டுட்டு நாமளும் போயிட வேண்டியதுதான்" என்றான் மகன்.

"நாமன்னா யாரு?" என்றேன்.

"நீயும்தான்."

நான் காவிரியைத் தாண்டினால் அன்றைக்கே திரும்பி வருகிறவள். "நீங்க போய் நல்லா இருங்க. எனக்கென்ன, மாடியில காத்து வருது, கீழ காய்கறி வருது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அன்று சாம்பாரில் உப்பில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஆக, கப்பல் ஜெயித்தால் வீடு வீடாக இருக்கும். தோற்றால் நான் ஒருத்தி, எனக்கு ஒரு ஆழாக்கு அரிசி. இதை மூன்று பேரும் தெரிந்து வைத்திருந்தோம். ஒருவரும் பேசவில்லை. அதனால் கப்பலைப் பற்றிப் பேசினோம்.

முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோதுமை நிறத்தில் நீளமாக ஒரு பெட்டி. முன்பக்கம் மட்டும் பருத்து, கன்னம் வீங்கினாற்போல் இருந்தது.

"ஏம்மா, தண்ணி எங்க?"

"தண்ணி இல்ல அத்தை. இது ஆகாயத்துக்கும் மேல போற கப்பல்."

"அப்ப அடியில எதுக்குச் சப்பையா இருக்கு?"

"அது அடி இல்ல. அங்க மேல கீழேல்லாம் கிடையாது."

"மேல கீழ இல்லாத எடத்துல சாம்பாரை எப்படி ஊத்துறது?"

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அத்தை, அதுல நானூறு பேர் இருக்காங்க. எல்லாரும் சாப்டாங்க. சரியா?"

"எங்க சாப்டாங்க? சமையல்கட்டைக் காட்டு."

காட்ட முடியவில்லை. பீரங்கி எத்தனை என்று கேட்டால் சொல்கிறாள், எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டால் சொல்கிறாள். நானூறு பேர் எங்கே கை கழுவுவார்கள் என்றால் முழிக்கிறாள். கக்கூஸும் இல்லை. "உள்ள போய் யாரும் பார்க்க மாட்டாங்க அத்தை, வெளியில இருந்துதான் பார்ப்பாங்க" என்றாள். வெளியில் இருந்து பார்ப்பவனுக்காகவா ஒருவன் வீடு கட்டுகிறான்? நான் விடவில்லை. ஒரு வாரம் கழித்து, என் வாயை அடைப்பதற்காக, கப்பலின் தென்கிழக்கு மூலையில் ஒரு சமையல்கட்டு போட்டுக் காட்டினாள். ஆகாயத்தில் தென்கிழக்கு எது என்று என் மகன் கேட்டான். அவனை யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமையல்கட்டைக் கம்பெனிக்காரன் எடுத்துவிடச் சொல்லிவிட்டான். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கப்பலின் வேலை என்ன என்று ஒரு மத்தியானம் சாவகாசமாகச் சொன்னாள். நான் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

இந்தக் கப்பல் அடிக்கிற கப்பல் இல்லையாம். அடி வாங்குகிற கப்பலாம். சண்டை என்றால் ஒரு பக்கத்தில் பலவிதமான கப்பல் இருக்கும். சின்னது, வேகமானது, குறுக்கே புகுந்து அடித்துவிட்டு ஓடிவிடும். இன்னொன்று பெரிய தாய்க்கப்பல். அது தூரத்தில் நிற்கும், வயிற்றிலிருந்து குட்டிக் குட்டியாகப் பறக்கிற வண்டிகளை அனுப்பும், தான் நகராது. மூன்றாவது, அடிபட்ட கப்பலுக்குப் பக்கத்தில் போய்ப் பழுது பார்க்கும். நம் கப்பல் இவர்கள் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கும். வருகிற குண்டையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொள்ளும். பின்னால் இருப்பவர்கள் அதற்குள் தங்கள் வேலையை முடித்துவிட வேண்டும்.

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு? கல்யாண வீடு" என்றேன்.

"என்னது?"

"உன் கல்யாணத்துலயே பார்த்தியே. பந்தியில அப்பளம் வரலன்னு கிளப்பி விட்டுட்டு மாயமாப் போனானே என் தம்பி மகன், அவன்தான் உன் சின்னக் கப்பல். மேடைக்குக் கீழ நாற்காலி போட்டு உட்கார்ந்துகிட்டு, 'போய்ச் சொல்லு, போய்க் கேளு'ன்னு புள்ளைங்களை அனுப்பிக்கிட்டே இருந்தாளே என் நாத்தனார், அவ தாய்க்கப்பல். ரெண்டு பக்கமும் காபி கொண்டு போய்க் கொடுத்துச் சமாதானம் பண்ணினது உங்க சித்தி."

"முன்னாடி நின்னு அடி வாங்கினது?"

"உங்க பெரியப்பா. பாவம், மண்டபத்துல கரண்ட் போனதுக்குக்கூட அவரைத்தான் திட்டினாங்க."

அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. பிறகு கப்பலின் காதுகளைக் காட்டினாள். குண்டு வரும்போது கப்பல் தன்னைச் சுற்றி ஒரு கேடயம் போட்டுக்கொள்ளும். கேடயம் போட்டால் உள்ளே சூடு ஏறும். சூடு தணிய இரண்டு பக்கமும் பெரிய தகடு விரியும். பார்ப்பதற்குக் கோயில் யானை வெயிலில் காதை வீசுகிற மாதிரி இருந்தது. அந்தத் தகடு விரிந்திருக்கும்போது கப்பலால் அசைய முடியாது. பின்னால் வந்து ஒருவன் அடித்தால் போயிற்று.

"அதை ஏன் அப்படி வச்ச? அந்தக் குறையைச் சரி பண்ணு."

"குறை வேணும் அத்தை. குறையே இல்லாத கப்பலா இருந்தா ஆட்டம் சப்புன்னு போயிடும். எல்லாக் கப்பலுக்கும் ஒரு குறை வச்சுத்தான் கொடுக்கணும்."

"பின்னாடி வந்து அடிக்கிறவன் ஒரு மனுசனா?" என்று சொல்லிவிட்டுக் கொத்தவரங்காயை எடுத்துக்கொண்டு எழுந்தேன். குறை வேண்டும் என்று கேட்டு வாங்குகிற ஊர் எந்த ஊரோ.

அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. அதுதான் பெரிய கவலை. நாள்பூரா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எதிராளி எதுக்கு இதை அடிக்கணும் அத்தை?"

"முன்னாடி நிக்குதுல்ல? அடிக்காம என்ன பண்ணுவான்?"

"சுத்திப் போயிடுவான். இதை அடிச்சா அவனுக்கு என்ன லாபம்? பின்னாடி நிக்கிற பழுது பார்க்கிற கப்பலைத்தான் தேடிப் போவான்."

"சுத்திப் போற அளவுக்கு எடம் இருக்கா?"

"ஆகாயம் அத்தை. அங்க எடம் மட்டும்தான் இருக்கு."

  அவள் கப்பலின் கன்னத்தை இன்னும் பருமனாக்கினாள், காதை இன்னும் அகலமாக்கினாள். கேள்வி அப்படியே நின்றது. கம்பெனிக்காரர்கள் கப்பலைப் பார்த்துக் கேள்வி கேட்கிற நாள் விஜயதசமிக்கு இரண்டு நாள் கழித்து என்று முடிவாயிற்று. எங்களுக்கு ஆயுத பூஜையையும் நிம்மதியாக முடித்துவிடலாம் என்று இருந்தது.

எங்கள் வீட்டு ஆயுத பூஜை லேசுப்பட்டதல்ல. இரும்பைத் தின்று வாழ்கிற குடும்பம். காலையில் பட்டறையில் பூஜை. லேத்து மெஷினையெல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, வேலைக்காரர்களுக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுத்து அனுப்ப மத்தியானம் தாண்டிவிடும். வீட்டில் நான் செய்வேன். அரிவாள்மனை, கத்திரிக்கோல், மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறு பூஜை செய்து, வைத்ததை ஒரு விரற்கடை வடக்கே நகர்த்திய பிறகுதான் எடுக்கலாம். என் மாமியார் காலத்திலிருந்து இதுதான் முறை. என் வீட்டுக்காரர் ஒருமுறை பூஜையில் இருந்த ஸ்குரூ டிரைவரை நைசாக எடுத்து ஃபேனைக் கழற்றினார். அந்த ஃபேன் கடைசிவரை சத்தம் போட்டது.

அந்த வருஷம் மகனும் மருமகளும் பட்டறைக்குக் கிளம்பும்போது அவள் கம்ப்யூட்டரை அணைக்காமல் போனாள். "கப்பல் வெந்துட்டிருக்கு அத்தை. மத்தியானத்துக்குள்ள வெந்து முடிஞ்சிடும். அணைச்சிடாதீங்க" என்றாள். படத்தைக் கடைசியாகப் பளபளப்பாக்குவதை அவள் வேகவைப்பது என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். வேகட்டும் என்று விட்டேன்.

எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் யோசித்தேன். அரிவாள்மனைக்குப் பொட்டு வைக்கிறோம். இந்த வீட்டிலேயே பெரிய ஆயுதம் எது? மேஜைமேல் நிற்கிறது. நானூறு பேர், இருபக்கமும் பீரங்கி. அதற்கு ஒரு பொட்டு இல்லையா? அதுவும் நம் எல்லாருடைய பிழைப்பும் அதன் தலைமேல் இருக்கும்போது?

நன்றாகச் சந்தனம் குழைத்தேன். கப்பல் கண்ணாடிக்குள் நின்றது. அதன் நெற்றி எது என்று பார்த்து, பருத்த கன்னத்துக்கு நடுவில், கண்ணாடிமேல் வைத்தேன். அதன்மேல் குங்குமம். பக்கத்தில் இருந்த இன்னொரு கண்ணாடிக்கும் வைத்தேன். எழுத்துப் பலகைக்கு நாலு மூலையிலும் வைத்தேன். அவள் கையில் பிடித்து நகர்த்துகிற மௌஸுக்கு முதுகில் வைத்தேன். மேலே சின்னதாக ஒரு கண் இருந்தது. கண் இருந்தால் அது முகம். அதற்கும் வைத்தேன். பூச்சரம் சாத்தி, பொரி தூவி, முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினேன். பார்க்கக் கண் கொள்ளவில்லை. நிஜக் கப்பலுக்குக்கூட இந்த மாதிரி ஒரு பூஜை நடந்திருக்காது.

மூன்று மணி சுமாருக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். படியேறும்போதே அவள் போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தாள். போனை வைத்துவிட்டு, "கேள்வி கேக்கிறதை இன்னிக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு வச்சிட்டாங்க. அங்க மேலதிகாரியா இருக்கிற பெரிய அம்மா நாளையில இருந்து லீவாம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள்.

கிட்டே வந்து குனிந்தாள்.

"அத்தை… கேமராவுல என்ன?"

"குங்குமம்."

"சரி. அழகாத்தான் இருக்கு." குரல் கீழே இருந்தது. "துடைச்சிட்டு எடுத்துக்கறேன்."

"எதை எடுக்கிற? பூஜையில வச்சிருக்கு."

"அத்தை, ஆறு மணிக்கு அவங்க வந்துடுவாங்க."

"நாளைக்கு வரச் சொல்லு. இன்னிக்கு ஆயுத பூஜைன்னு சொல்லு. அவங்க ஊர்ல ஆயுதமே இல்லையா?"

என் மகன் நடுவில் வந்தான். "அம்மா, ஆயுதத்துக்குப் பூஜை போடுறதே சண்டைக்கு எடுத்துட்டுப் போகத்தானே? இப்பச் சண்டை வந்துடுச்சு. எடுக்க வேண்டியதுதான்."

"நீ லேத்தை ஓட்டினியா இன்னிக்கு?"

"இல்ல."

"அப்பப் பேசாத."

 மருமகள் எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய்க் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டாள். அலமாரிக்கு மேலே பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

எதிர் ஃபிளாட் மாமியைக் கேட்கலாம் என்று போனேன். கோயில் கைங்கரியக் குடும்பம், திதி நட்சத்திரம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். அவருக்கும் எனக்கும் இருபது வருஷப் பழக்கம். அதில் பாதி பேச்சுவார்த்தை இருந்த காலம்.

"தசமி எப்ப மாமி பொறக்குது?"

"இன்னிக்கு விளக்கு வெச்சப்பறம், ஏழு மணிக்கு மேலே. ஏன் கேக்கறேள்?"

"பொறந்ததும் மறு பூஜை பண்ணிடலாமா?"

"காலம்பற பண்றதுதான் விசேஷம். அவசரம்னா தசமி பொறந்துடுத்துன்னா பண்ணிக்கலாம். அதுக்கு முன்னாடி கையே வெக்கப்படாது."

ஏழு மணி. இவர்களுக்கு ஆறு மணி. நான் திரும்பி வந்து மேஜைக்கு முன்னால் நின்றேன். கப்பல் நெற்றியில் பொட்டோடு என்னைப் பார்த்தது. நான் வைத்த பூஜை. கோபித்துக்கொண்டால் சாமி என்னைத்தான் கோபித்துக்கொள்ளும். கொள்ளட்டும், நேரில் பேசிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். சாமிக்கு என்னைத் தெரியாதா?

"ஏம்மா, வா இங்க. உன் கையால எடுக்காத. நான் எடுத்துக் கொடுக்கிறேன்."

சூடம் ஏற்றினேன். கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் காட்டினேன். மூன்று முறை சுற்றி, "தசமியை ஒரு மணி நேரம் முன்னாடி வச்சுக்க, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சாமியிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன். பிறகு முறைப்படி கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் பிடித்து வடக்கே நகர்த்தினேன். எங்கள் வீட்டில் வடக்கு என்பது அடுப்படிப் பக்கம். கரண்ட் வருகிற இடம் தெற்குச் சுவர். விரற்கடைதான் நகர்த்தினேன். டப் என்று ஒயர் பிடுங்கிக்கொண்டது. கப்பல் அணைந்துவிட்டது.

"ஐயோ" என்றான் மகன்.

"வெந்ததெல்லாம் போச்சா?" என்றேன். 

"இல்ல அத்தை, வெந்து இறக்கி வச்சாச்சு. ஒண்ணும் ஆகல" என்று மருமகள் மேஜைக்கு அடியில் புகுந்தாள். பூ வைத்த தலை மட்டும் தெரிந்தது. அவள் வெளியே வந்து, எல்லாவற்றுக்கும் மறுபடி உயிர் வந்து, மௌஸிலிருந்து சந்தனத்தைச் சுரண்டி முடிக்கும்போது ஆறு அடித்துவிட்டது. கேமராவை முந்தானையால் துடைத்தாள். குங்குமம் போகவில்லை, பரவியது. கண்ணாடியில் அவர்களுக்கு நாங்கள் எப்படித் தெரிவோம் என்று ஒரு மூலையில் சின்னதாகக் காட்டியது. அதில் வீடு முழுக்கச் சாயங்காலச் சூரியன் மாதிரி சிவந்திருந்தது.

எதிரே நான்கு முகம். நடுவில் அந்தப் பெரிய அம்மா, வெள்ளை முடி, சிரிப்பே இல்லை. என் வயது இருக்கும். நான் அடுப்படி வாசலில் நின்றேன். இங்கிலீஷில் நடப்பதை மகன் பக்கத்தில் நின்று காதோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

மருமகள் நன்றாகத்தான் பேசினாள். கன்னத்தைக் காட்டினாள், காதை விரித்துக் காட்டினாள். பாதியில் வாசல் மணி அடித்தது. எதிர் ஃபிளாட் மாமி. கையில் சுண்டல் கிண்ணம். கதவு சும்மா சாத்தியிருந்ததால் அவரே உள்ளே வந்துவிட்டார். மேஜையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தசமி இன்னும் பொறக்கலையே! எடுத்துட்டாளா இந்தப் பொண்ணு?" என்று நேராக மருமகளைப் பார்த்து நடந்தார். தோளைத் தொட்டுக் கூப்பிடுகிற தூரம்தான் பாக்கி.

நான் குறுக்கே போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது, இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

"அவளை ஒண்ணும் கேக்காதீங்க மாமி. எடுத்தது நான்."

"நீங்களா? சித்த முன்னாடிதானே உங்களுக்குச் சொன்னேன்!"

"சொன்னீங்க. நான் கேக்கல. என்ன இப்போ?"

"அபசாரம் இல்லையோ?"

"அபசாரம்னா எனக்குத்தான் வரும். உங்க வீட்டுக்கு வராது. சுண்டலைக் கொடுங்க."

"சுண்டலை எதுக்குப் பிடுங்கறேள்?"

"போன வருஷம் நீங்க ராகு காலத்துல கொலுவை எடுத்தீங்களே, நான் எதாவது கேட்டேனா?"

"அது ராகு காலம் முடிஞ்சு எடுத்தது!"

"அது உங்க கடிகாரத்துல!"

அவர் இடது பக்கம் போனால் நானும் இடது பக்கம் போனேன். வலது பக்கம் வந்தால் நானும் வந்தேன். கையை இரண்டு பக்கமும் அகல விரித்துக்கொண்டு நின்றேன். அவர் குரல் ஏற ஏற நான் இன்னும் ஏற்றினேன். குறைத்தால் அவர் மருமகள் பக்கம் திரும்பிவிடுவார் என்று எனக்குப் பயம். ஃபேன் அடியில் நின்றும் முகம் வேர்த்துக் கொட்டிற்று.

நாங்கள் இதில் இருக்கும்போது அங்கே அந்தப் பெரிய அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். எல்லாம் சரி, எதிரி ஏன் உன் கப்பலை அடிக்க வேண்டும், அவன் சுற்றிக்கொண்டு போய்விட மாட்டானா என்று. என் மருமகள் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்த அதே கேள்வி.  அவள் மூலையில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதில் சிவப்பு வெளிச்சத்தில் நான் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு அவள் கேட்டாள். "நான் பத்து நிமிஷமா கப்பலைக் காட்டிட்டிருக்கேன். நீங்க நாலு பேரும் இப்ப யாரைப் பார்த்துட்டிருந்தீங்க?"

அவர்கள் யோசிப்பதற்குள் அவளே சொன்னாளாம்.

"என் மாமியாரை. அவங்க உங்களை வழி மறிக்கல. நீங்க என்னையே பார்த்திருக்கலாம். முடிஞ்சுதா? இந்தக் கப்பல் சும்மா நிக்காது. சத்தம் போடும். எதிரியோட வானொலி எல்லாத்துலயும் புகுந்து வம்புக்கு இழுக்கும். விளக்கைப் போட்டு அணைக்கும். சுத்திப் போகணும்னு நினைச்சாலும் அவனால கண்ணை எடுக்க முடியாது. காதை விரிச்சு நிக்கும்போது அசைய முடியாதுன்னு குறை வச்சிருக்கேன். அப்பத்தான் அது இன்னும் சத்தமாக் கத்தும்."

எனக்கு இதை மகன் சொன்னது பிறகு. அந்த நேரம் நான் மாமியோடு இருந்தேன். திடீரென்று கம்ப்யூட்டரிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமியும் நானும் ஒன்றாகத் திரும்பினோம். வெள்ளை முடி அம்மாதான் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கையசைத்தார். மாமி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு பதிலுக்குக் கும்பிட்டார். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் சேதி வந்தது. நம் கப்பல்தான். மருமகள் அடுப்படிக்கு ஓடிவந்து சொன்னாள். "சரி, நல்லது. பாலைப் பாரு, பொங்குது" என்றேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் அவள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

அந்தக் கப்பல் போடுகிற சத்தத்துக்கு ஒரு குரல் வேண்டும் என்றார்களாம். என்னைப் பேசச் சொன்னாள். மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்தாள்.

"யாரைத் திட்டணும்?"

"எதிரியை அத்தை."

"அவன் என்ன பண்ணினான்? முன்ன பின்ன தெரியாதவனை எப்படித் திட்டுறது?"

"நம்ம வீட்டு மாடியில கல்லெறியறான்னு வச்சுக்குங்க."

அது போதுமாயிருந்தது. மரியாதை கெடாத திட்டாகப் பார்த்துத்தான் திட்டினேன். வேகத்தில் அன்று மாமியிடம் சொன்னதும் ஒன்றிரண்டு கலந்துவிட்டது. தமிழிலேயே இருக்கட்டும் என்று கம்பெனிக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். எந்தெந்த ஊரிலோ யார் யாரோ கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, "டேய், இங்க பாருடா, எங்கடா ஓடுற? வாசல்ல நான் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று நான் கேட்பதைக் கேட்டுத் திரும்பி வருகிறார்களாம். ஒருவன்கூடச் சுற்றிப் போகவில்லை என்று மருமகள் சொல்கிறாள். எப்படிப் போவான்?

மாமிக்கு ஒருநாள் போட்டுக் காட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுலே 'உங்க கடிகாரத்துல'ங்கறது என்னைச் சொன்னதுன்னா?" என்றார். பேச்சுவார்த்தை இருக்கிற காலம் அது. இப்போது இல்லை.

நிரந்தர வேலை ஆனதும் மகன் பட்டறையில் அளவெடுத்து, கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு இரும்பு மேஜை செய்துகொண்டு வந்தான். "இதை உள் ரூம்ல போட்டுக்கட்டும். இனிமே நீ நாற்காலியில உட்கார்ந்து சாப்பிடலாம்மா" என்றான். மருமகளுக்கும் சம்மதம்தான்.

நான்தான் வேண்டாம் என்றேன். உள் ரூமில் போட்டால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். இங்கே என்றால் காய் ஆய்ந்துகொண்டே ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். இப்போது புதுக் கப்பல் ஒன்று வரைகிறாள், பழுது பார்க்கிற கப்பல். அதிலும் சமையல்கட்டைக் காணோம்.

இரும்பு மேஜைமேல் மாவு டப்பாக்களை வைத்திருக்கிறேன். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.